குட்டி யானை, பிக்கப் வண்டிகளில் பாரம் ஏற்றுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காட்டு வாழைத்தார், அம்பாசமுத்திரத்து நெல், வள்ளியூர்ப் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் செங்கல், கோடையில் ராதாபுரம் வட்டாரத்துக்குப் போகும் தண்ணீர் டேங்க் எல்லாமே இன்றைக்குக் குட்டி யானை எனப்படும் டாடா ஏஸிலும், பொலேரோ, தோஸ்த் மாதிரியான பிக்கப்பிலும்தான் போகின்றன. கடன் போட்டு ஒரு வண்டி எடுத்துத் தானே ஓட்டுகிற இளைஞர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும், வாடகைக்கு வண்டி பிடிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை.

என் வண்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம்?

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எடை இருக்கும். ஒன்று வண்டியின் வெற்று எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் அளவு. மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,300 கிலோ.

அந்த 1,300ம் சரக்குக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வெற்று எடையில் டிரைவர் சேர்த்தி இல்லை. நீங்களும் கூட வருகிற லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ இருந்தால் சரக்குக்கு 1,170 தான். சிமென்ட் மூட்டைக் கணக்கில் 23 மூட்டை. வண்டி வாங்கிய பிறகு தளத்தில் இரும்புத் தகடு அடித்திருந்தால், பக்கத்தில் உயரக் கம்பிக்கூடு வைத்திருந்தால், அந்த எடையும் இதில்தான் கழியும். கூடு கட்டிய வண்டியை ஒரு தடவை வெறுமையாக எடை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

குட்டி யானைக்குப் பல மாடல்களில் 750 கிலோவை ஒட்டித்தான் அளவு வருகிறது. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கை உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள்.

எஞ்சின் நல்லாத்தான இழுக்குது அண்ணாச்சி, பிறகு என்ன பயம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஆபத்து முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. முதல் கியரில் போட்டால் இன்றைய டீசல் எஞ்சின் இரண்டு மடங்கு பாரத்தையும் நகர்த்திவிடும். வண்டி நகர்கிறது என்பதாலேயே தாங்குகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். லோடு ஏற்றும்போது கேட்க வேண்டியது, குறுக்கே ஒரு மாடு வந்தால் இந்த வண்டி நிற்குமா என்பதைத்தான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை தொடங்கும். ஓடுகிற வண்டியின் ஆற்றலையெல்லாம் பிரேக் சூடாக மாற்றி வெளியே தள்ளியாக வேண்டும். மேலே சொன்ன 2,900 கிலோ வண்டியில் 1,300க்குப் பதில் 2,600 ஏற்றினால் மொத்தம் 4,200 ஆகிறது. அதே வேகத்தில் நிறுத்த, பிரேக்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை. வேகம் கூடினால் இன்னும் மோசம். 40ல் போவதை 60 ஆக்கினால் இரண்டே கால் மடங்கு ஆற்றல். பாரமும் கூடி, வேகமும் கூடினால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு போகும்.

பாரம் அளவுக்குள் இருந்தாலும் வெறும் வண்டி மாதிரி ஓட்ட முடியாது. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடையில் வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு இடம் விடுங்கள். வண்ணார்பேட்டை, சமாதானபுரம் மாதிரி நெரிசலில் அந்த இடத்துக்குள் ஆட்டோ நுழையத்தான் செய்யும். நுழைந்துவிட்டுப் போகட்டும், மறுபடியும் இடம் விடுங்கள்.

எடை போடாமலே சரக்கின் எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

சில கணக்குகள் மனதில் இருந்தால் போதும். சிமென்ட் மூட்டை 50 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதனால் 1,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் 1 டன், டேங்கின் எடை அதற்கு மேல். சேம்பர் செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. 400 கல் ஏற்றினால் 1,200 கிலோ. நேரடிக் கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. களத்து மேட்டில் வியாபாரி பிடிக்கிற மூட்டை அதைவிடப் பெரிதாக இருக்கும், தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எம்-சாண்டில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ வரும். 100 கன அடி ஒரு யூனிட், ஆக யூனிட்டுக்கு 4.5 டன்னிலிருந்து 5 டன். கால் யூனிட்டே பிக்கப்புக்கு நிறைந்துவிடும். குட்டி யானைக்கு அதுவும் ஆகாது. மழையில் நனைந்த மணல் என்றால் இன்னும் கூடும். பெட்டியில் பாதி உயரம்தானே இருக்கிறது என்று மேலே இரண்டு சட்டி போடச் சொல்வார்கள். மணலும் ஜல்லியும் பெட்டி நிறைவதற்கு முன்னாலேயே அளவைத் தாண்டிவிடும்.

இரும்புக் கம்பிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.7 கிலோ. 16 மி.மீ. என்றால் 19 கிலோ.

புதுச் சரக்கு என்றால் எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். குவாரிப் பக்கமும் அரிசி ஆலைப் பக்கமும் எடை மேடை இருக்கும். முழு வண்டியைப் போட்ட பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு எடை கேளுங்கள். மொத்த எடை சரியாக இருந்து, பின்னச்சில் மட்டும் பாரம் மீறியிருப்பது அப்போதுதான் தெரியும்.

பாரத்தைப் பெட்டியில் எந்த இடத்தில் வைப்பது?

பரவலான சரக்கு என்றால் கேபின் சுவரை ஒட்டி ஆரம்பித்துப் பின்னால் வாருங்கள். பிரேக் போட்டதும் சரக்கு முன்னால்தான் ஓடும். சுவரோடு ஒட்டியிருந்தால் ஓடுவதற்கு இடம் இருக்காது. ஒரு அடி இடைவெளி விட்டு வைத்த கிரைண்டர் கல், அந்த ஒரு அடியில் வேகம் பிடித்துச் சுவரில் மோதும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஜெனரேட்டர், மோட்டார் மாதிரி சின்ன இடத்தில் பெரிய எடை உள்ள சாமான் என்றால் பின்னச்சுக்குக் கொஞ்சம் முன்னால், இடது வலது நடுவில். சுவர் வரை இருக்கிற இடைவெளியில் மரக்கட்டை கொடுத்து அடைத்துவிடுங்கள்.

பின்னச்சுக்கு அப்பால் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் கிணற்றுத் துலா மாதிரி வண்டியின் மூக்கைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், திருப்பினால் வண்டி உடனே கேட்காது. பிரேக் போடும்போது அதிகம் வேலை செய்வது முன் சக்கரம்தான். அது ரோட்டில் பதியாமல் இருந்தால் பிரேக்கும் போச்சு. டெயில்போர்டைத் திறந்து போட்டு அதன் மேல் மூட்டை அடுக்குவதில் இருக்கிற கேடு இதுதான். ஏற்றி முடித்ததும் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். வண்டி பின்னால் உட்கார்ந்து, ஹெட்லைட் மரத்தைப் பார்த்தால் சரக்கை முன்னால் நகர்த்த வேண்டும், இல்லை இறக்க வேண்டும்.

கனமானது அடியில், லேசானது மேலே. வீடு மாற்றும்போது பீரோவைக் கடைசியில் கொண்டுவந்து மேலே ஏற்றுவார்கள். வரிசையை அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எப்படிக் கட்டுவது? தார்ப்பாய் போட்டால் போதாதா?

தார்ப்பாய் மழைக்கும் தூசிக்கும். சரக்கை அது பிடித்து வைக்காது. ஐரோப்பிய நாடுகளில் சரக்குக் கட்டுவதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஓடாமல் இருக்கச் சரக்கு எடையில் 80 விழுக்காடு விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 விழுக்காடு விசையையும் கட்டு தாங்க வேண்டும். 1 டன் சரக்கு என்றால் திடீர் பிரேக்கில் 800 கிலோ முன்னால் தள்ளும். பழைய நைலான் கயிறு ஒரு சுற்று போட்டு அதைப் பிடிக்க முடியாது.

களக்காட்டில் ஏத்தன் தார் ஏற்றுகிற ஆட்களைக் கவனித்துப் பாருங்கள், கட்டு என்றால் என்ன என்று புரியும். முதலில் தளத்தில் காய்ந்த வாழைச் சருகை மெத்தையாகப் பரப்புவார்கள். தாரை ஒன்றோடொன்று செருகி, நடுவில் கை நுழைகிற சந்து இல்லாமல் அடுக்குவார்கள். உச்சியில் சருகைப் போட்ட பிறகுதான் கயிறு. கொக்கியில் மாட்டி, எதிர்ப்பக்கம் எறிந்து, அங்கே ஒருவர் கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கிக்கு அடியில் விட்டு மேலே கண்ணிக்குள் நுழைத்து, உடம்பெல்லாம் சாய்த்துக் கீழே இழுப்பார். அந்தக் கண்ணி கப்பி மாதிரி வேலை செய்வதால் வெறும் கையால் இழுப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட இறுக்கம் கிடைக்கும். சந்து இல்லாமல் அடுக்கியதில்தான் பாதி பாதுகாப்பு, கயிறு மீதியைச் செய்கிறது.

இரும்பு, கிரானைட், இயந்திரம் என்றால் கயிறு வேண்டாம், கைப்பிடியை நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட் வாங்குங்கள். அதன் தையலில் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும். கூர்மையான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டியூபைத் துண்டாக வெட்டி அடியில் வையுங்கள். வழுவழுப்பான தகட்டுத் தளத்தில் ரப்பர் பாய் விரித்தால் சரக்கு நழுவுவது பெரிதும் குறையும்.

கட்டி முடித்து ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திக் கயிற்றைக் கையால் அடித்துப் பாருங்கள். வைக்கோலும் தாரும் மூட்டையும் ஆட்டத்தில் அமர்ந்துவிடும், கயிறு தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள்.

40 அடிக் கம்பியைப் பிக்கப்பில் கொண்டுபோகலாமா?

கூடாது. இந்த வண்டிகளின் பெட்டி பத்தடிக்குள்தான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு போகிற கம்பியை ராத்திரியில் பின்னால் வருகிற பைக்குக்காரர் பார்க்கவே முடியாது, முனை நேராக அவர் கண்ணுக்கு நேரே இருப்பதால் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். சிவப்புத் துணி கட்டியதெல்லாம் பகலுக்குத்தான். எத்தனை குடும்பங்கள் இதனால் அழுதிருக்கின்றன! கடையிலேயே வெட்டியோ மடக்கியோ வாங்குங்கள். நீளமாகவே வேண்டும் என்றால் நீளமான லாரிக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் டேங்க் வைத்து ஓட்டுகிறோம். பாதி டேங்க் என்றால் பயமில்லையே?

பாதி டேங்க்தான் அதிக பயம். நிறைந்த டேங்கில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதியில் அது அலையடிக்கும். வளைவில் திரும்பும்போது தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் ஏறி வண்டியைச் சாய்க்கும். பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகும் ஒரு தள்ளு தள்ளும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் வீடு வீடாக நிறுத்தி ஊற்றுகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பாதி டேங்க்தான். உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்க் வாங்குங்கள். அது இல்லையென்றால் ஒரே பெரிய டேங்குக்குப் பதில் இரண்டு சின்ன டேங்க் வைத்து, ஒன்றை முழுக்கக் காலி செய்த பிறகு அடுத்ததைத் திறங்கள். குட்டி யானையில் 1,000 லிட்டர் டேங்க் நிறைத்து ஓட்டுவது அளவுக்கு மீறிய பாரம்.

கமான் பட்டை கூடுதலாகப் போட்டால் டன் கூட்டிக்கலாமா?

இல்லை. கமான் பட்டை என்பது அச்சுக்கும் சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் பாரத்தைத் தாங்கும் வில் பட்டை. கூடுதலாகப் போட்டால் வண்டி பின்னால் உட்காராது, அவ்வளவுதான். அச்சு, பேரிங், டிரம், டயர், சேஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. உட்காராததால் பாரம் மீறியது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. நிறைய பிக்கப்புகளில் பின்னச்சுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று அது முடிவு செய்கிறது. பட்டை போட்டு வண்டியை உயர்த்தினால், பாரம் இருக்கும்போதே வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துவிடும். பட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தக் கம்பியைச் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள்.

டயர் காற்று?

கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாரத்தோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று போட்டிருக்கும். வண்டி ஓடுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். காற்று குறைந்த டயர் பாரத்தில் மடிந்து மடிந்து சூடேறி, சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் வெடிக்கும். பக்கச் சுவரில் வீக்கமோ வெட்டோ இருந்தால் அந்த டயரில் பாரம் ஏற்றாதீர்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

புளியரை இறக்கத்தில் பிரேக் வாடை வருகிறது, ஏன்?

கேரளத்துக்குச் சரக்குக் கொண்டுபோய்விட்டு, ஆரியங்காவு, கோட்டைவாசல் வழியாகத் திரும்பி வருகிறவர்கள் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் லைனிங் அளவுக்கு மேல் சூடானால் வழுக்கும். மிதி கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அந்த எரிந்த வாடை முதல் எச்சரிக்கை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, மேட்டிலேயே, கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறும்போது எந்தக் கியரில் ஏற முடியுமோ அதே கியரில், தேவைப்பட்டால் அதைவிடக் குறைந்த கியரில் இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடும்போது மட்டும் ஒரு தடவை உறுதியாகப் பிரேக் பிடித்து, வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். பாதி மிதியில் கால் வைத்துக்கொண்டே இறங்காதீர்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் உயிரை வாங்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவுகிற வேக்கம் (வெற்றிட இழுப்பு) இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். வாடை வந்தால் இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் விரிந்த இரும்பு கீறல் விட்டுவிடும்.

ஆடிக் காற்றில் வண்டி இழுக்கிறதே?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் நாற்கரச் சாலையைக் குறுக்கே அடிக்கும். அத்தனை காற்றாலை அங்கே நிற்பது சும்மா இல்லை. காற்று வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வைக்கோல், காலி அட்டைப்பெட்டி, நுரை மெத்தை மாதிரி லேசான, உயரமான பாரத்துக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம். லேசான சரக்குதானே என்று உயர்த்திக் கட்டாதீர்கள். பக்கத்தில் போகிற பெரிய லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காற்று சட்டென்று அறையும். 40, 50ல் போங்கள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். தார்ப்பாய் ஓரம் படபடக்கிறது என்றால் நிறுத்திக் கட்டிவிட்டுப் போங்கள்.

கோயில் கொடைக்கு ஆட்களை ஏற்றிப் போகலாமா?

கூடாது. எத்தனை பேர் கேட்டாலும், சொந்தக்காரரே கேட்டாலும் கூடாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், கல்யாண வீடு, நாற்று நடவு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். சரக்குப் பெட்டியில் பிடிக்கக் கம்பி இல்லை, உட்கார இருக்கை இல்லை. முப்பது பேர் நின்றால் பாரமே 1,500 கிலோவுக்கு மேல். மூட்டை மாதிரி அடியில் படுத்திருக்காது அந்தப் பாரம், இடுப்பு உயரத்துக்கு மேல் நின்று, வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். வண்டி கவிழும் சாய்வு அப்போது மிகக் கிட்டத்தில் இருக்கும். சரக்கு வண்டி இன்சூரன்ஸில் இப்படி ஏற்றிய ஆட்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. நடவுக்குப் போகிற பெண்களின் உயிர் அது. "அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதிய, வேன் நம்பர் தாரேன், அதுல கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, ஒரு வேன்காரரின் நம்பரைப் போனில் வைத்திருங்கள்.

மாட்டினால் அபராதம் எவ்வளவு? லைசென்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 2019ல் திருத்தப்பட்ட பிறகு, பாரம் மீறினால் 20,000 ரூபாய், மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல். மிகுந்த பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார்கள், இறக்குகூலியும் நம் தலையில். சரக்கு பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால் 40,000.

லைசென்ஸைப் பொறுத்தவரை, 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது.

"ஒரே நடையில போட்டுரு"ன்னு பார்ட்டி சொன்னா என்ன சொல்ல?

வாடகை பேசும்போதே எடையைக் கேளுங்கள். சரக்கை ஏற்றிய பிறகு பேசினால் சண்டையில் முடியும். "எத்தனை மூட்டை? அப்போ ரெண்டு நடை வரும்" என்று முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவது நடைக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கிளட்ச், டயர், பட்டை தேய்மானத்தைக் கணக்குப் போட்டால் அளவு மீறி ஒரே நடையாக அடிப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை. போட்டிக்கு இன்னொருவர் ஒரே நடையில் போடுகிறேன் என்று வந்தால் அந்தச் சவாரியை அவருக்கே விட்டுவிடுங்கள். ஒரே ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் சேர்ந்து பேசி ஓர் அளவு வைத்துக்கொண்டால் இந்தப் போட்டியே இருக்காது. வாடகைக்குப் பிடிக்கிறவர்களும் தயவுசெய்து டிரைவரை நெருக்காதீர்கள்.

பாரத்தோடு பஞ்சர் ஆனால்?

ரோட்டை விட்டு இறங்கி, கெட்டியான சமதளத்தில் நிறுத்துங்கள். மழைக்குப் பிறகு கரிசல் மண் ஓரம் என்றால் இன்னும் கொஞ்சம் மெதுவாக உருட்டிக்கொண்டு போய்க் கப்பி ரோடு வந்ததும் நில்லுங்கள். டயர் போனாலும் பரவாயில்லை. ஹேண்ட்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை. ஜாக்கி தாங்கும் அளவுக்கு மேல் பாரம் இருந்தால் முதலில் சரக்கில் பாதியை இறக்குங்கள். ஜாக்கியில் நிற்கும்போது வண்டிக்கு அடியில் தலையையோ காலையோ விடாதீர்கள். சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், ராத்திரி என்றால் இன்னும் தள்ளி. மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போடுவது இருட்டில் யாருக்கும் தெரியாது.

புது டயரின் நட்டை மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள், கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒரு தடவை. கிளம்புவதற்கு முன் சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் பின்னால் வருகிற பைக் அதில் ஏறிக் கவிழும்.